இடிபாட்டுக்குள் ஒரு சுரங்கம்

மலையை உடைத்து வீடு கட்டுகிறோம். வீட்டை உடைத்து ஆற்றங்கரையில் கொட்டுகிறோம். இந்த ஒருவழிப் பாதையை வட்டப் பாதையாக்க இயந்திரம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வாங்க ஆள்தான் வேண்டும்.

2022 ஆகஸ்ட் 28, பிற்பகல் 2.30 மணி. டெல்லியை ஒட்டிய நொய்டாவில், குதுப்மினாரைவிட உயரமான இரட்டைக் கோபுரங்கள் சில வினாடிகளில் தரைமட்டமாயின. சுமார் 3,700 கிலோ வெடிமருந்து. நாடு முழுவதும் தொலைக்காட்சி முன் கூடியிருந்தது. விதிகளை மீறிக் கட்டப்பட்ட அபெக்ஸ், சியான் என்ற அந்தக் கட்டடங்களை இடிக்கும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2021 ஆகஸ்டில். புழுதி அடங்கியதும் காமிராக்கள் கிளம்பிப் போய்விட்டன. மிச்சமிருந்தது சுமார் 80,000 டன் இடிபாடு.

அதை என்ன செய்வது என்பது வெடிவைப்பதைவிடச் சிக்கலான வேலை. ஒரு பகுதி அங்கேயே நிலவறைப் பள்ளத்தை நிரப்பியது. கம்பிகள் பிரித்தெடுக்கப்பட்டு இரும்புக் கடைகளுக்குப் போயின. இன்னொரு பகுதி நொய்டாவின் 80வது செக்டாரில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குச் சென்று, நடைபாதைக் கற்களாகவும் ஜல்லியாகவும் மறுபிறவி எடுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாம் ஓரளவு முறைப்படி நடந்தது.

யாரும் பார்க்காதபோது நடப்பதுதான் பிரச்சினை. டெல்லியில் மட்டும் நாளொன்றுக்கு சுமார் 6,000 டன் கட்டட இடிபாடு சேர்வதாக மாநகராட்சியின் மதிப்பீடு. அதாவது, நொய்டாவில் நாடே வாய்பிளந்து பார்த்த குவியலை, டெல்லி இரண்டே வாரங்களில் சத்தமில்லாமல் உருவாக்கிவிடுகிறது. வெடிமருந்து இல்லை, காமிரா இல்லை. ஒரு மாடி வீட்டை நான்கு மாடியாக்கும் ஆசை, ஒரு ஜேசிபி இயந்திரம், இரவில் ஓடும் ஒரு லாரி. அவ்வளவுதான்.

இரவு நேர லாரிகள்

டெல்லிவாசிகள் இதை ‘மல்பா’ என்கிறார்கள். உடைந்த செங்கல், காரை, கான்கிரீட் துண்டு, ஓடு, பீங்கான், மண் எல்லாம் சேர்ந்த கலவை. குளியலறையைப் புதுப்பிப்பவர் வீட்டில் இருந்தும் நான்கு மூட்டை மல்பா கிளம்பும். அதை அள்ளிச் செல்ல ஒரு டிராக்டர்காரர் வருவார். எங்கே கொட்டுவார் என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை. காலியிடம், குளக்கரை, சாலையோரம், மழைநீர் ஓடை, கடைசியில் யமுனையின் வெள்ளச் சமவெளி. ஆற்றங்கரையில் கட்டட இடிபாட்டைக் கொட்டினால் 50,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் உத்தரவிட்டும் லாரிகள் நின்றபாடில்லை.

கொட்டுவதால் கெடுவது ஆறு மட்டுமல்ல. ஓடை அடைபட்டால் அடுத்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். குவியல் காய்ந்தால் காற்றெல்லாம் புழுதி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லியின் காற்று மூச்சுமுட்டும் நிலையை எட்டும்போது அரசு முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று கட்டுமானம். மாசு மூன்றாம் கட்டத்தைத் தொட்டால் இடிக்கும் வேலைக்கும் பெரும்பாலான கட்டும் வேலைகளுக்கும் தடை. அந்த நாட்களில் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கூலி கிடையாது. ஊர் புழுதியில் மூழ்கினாலும் நஷ்டம் அவர்களுக்கு. புழுதியை நிறுத்தினாலும் நஷ்டம் அவர்களுக்கே.

பாதையின் மறுமுனையைப் பார்த்தால் கதை இன்னும் மோசம். டெல்லியின் கொத்தனார்கள் பருமணலை ‘பதர்பூர்’ என்றே அழைக்கிறார்கள். நகரின் தென்கோடியில் உள்ள பதர்பூர் பகுதியிலிருந்து வந்ததால் வந்த பெயர். அந்த மணலும் ஜல்லியும் ஆரவல்லி மலைத்தொடரை வெட்டி எடுத்தவை. வெட்டு தாங்காமல் 2002லும் 2009லும் ஹரியானா பக்கத்து ஆரவல்லியில் சுரங்க வேலைகளுக்கு உச்சநீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2018ல் வேறொரு தகவல் நீதிமன்றத்தையே திடுக்கிட வைத்தது. ராஜஸ்தானில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 குன்றுகளைக் காணவில்லை. மலையைத் தூக்கிக்கொண்டு ஓட மக்கள் என்ன அனுமனாகிவிட்டார்களா என்று நீதிபதி கேட்டார். அனுமன் சஞ்சீவி மலையைக் கொண்டுவந்தது உயிர்காக்க. இங்கே மலை வந்து சேர்வது சுவராக. போவது ஆற்றங்கரைக் குப்பையாக.

ஆக, ஒரே லாரிக் கணக்கில் இரண்டு இழப்பு. உள்ளே வரும் லாரியில் ஒரு குன்று, வெளியே போகும் லாரியில் ஒரு குளம். போகும் லாரியை வரும் லாரியாக மாற்ற முடிந்தால் இரண்டும் பிழைக்கும். பொருளாதார நிபுணர்கள் இப்போது பெரிதாகப் பேசும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்பதன் சாரம் இவ்வளவுதான்.

புராரி காட்டிய வித்தை

அந்த மாற்றம் சாத்தியம் என்று டெல்லியே 2009ல் செய்து காட்டியது. வடக்கு டெல்லியின் புராரியில், மாநகராட்சி தனியார் நிறுவனத்தோடு கைகோத்து நாட்டின் முதல் பெரிய கட்டட இடிபாட்டு மறுசுழற்சி ஆலையைத் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு 500 டன். பிறகு அதன் திறன் 2,000 டன்னாக வளர்ந்தது. சாஸ்திரி பார்க், ராணி கேரா, பக்கர்வாலா என்று மேலும் ஆலைகள் வந்தன.

ஆலைக்குள் நடப்பதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. லாரி எடைமேடை ஏறி இறங்குகிறது. குவியலில் இருந்து துணி, பிளாஸ்டிக், மரம் ஆகியவற்றைக் கைகளால் பொறுக்குகிறார்கள். முழுச் செங்கற்கள் தனியே ஒதுங்குகின்றன. சலித்ததில் மண் பிரிகிறது. மிச்சம் உடைக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் போகிறது. காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் பாய்ச்சிக் கழுவும்போது சேறு நீங்கி மணலும் பல அளவு ஜல்லியும் கிடைக்கின்றன. கழுவிய தண்ணீரே தெளியவைக்கப்பட்டுத் திரும்பப் பயனாகிறது. இந்த மணலோடும் ஜல்லியோடும் சிமெண்ட் சேர்த்து அச்சில் வார்த்தால் நடைபாதைக் கல், சாலையோரத் தடுப்புக் கல், சுவர் எழுப்பும் கான்கிரீட் கல்.

கல் தயார். ஆனால், வாங்க ஆள் வரவில்லை. புராரியின் ஆரம்ப வருடங்களில் ஆலைக்குப் பெரிய தலைவலி குப்பை வருவதல்ல, சரக்கு போகாததுதான். ‘குப்பையில் செய்த கல்’ என்ற பெயரே ஒப்பந்தக்காரர்களை விரட்டியடித்தது. அரசுத் துறைப் பொறியாளர்களோ விலைப் பட்டியலில் இல்லாத பொருளைத் தொடத் தயங்கினார்கள். தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது?

தரமா, தயக்கமா?

தயக்கத்துக்குச் சிறிதளவு காரணம் உண்டு. பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியின் உடம்பில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும். கலவையின் கணக்கு தப்பினால் வலு குறையும். அதற்காகத்தான் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016ல் திருத்தி வெளியிட்ட ஐஎஸ் 383 என்ற விதிமுறை இந்த ஜல்லிக்கு முதல்முறையாக முறையான இடம் கொடுத்தது. கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்-25 ரகம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அடித்தளத்தில் பரப்பும் மெலிந்த கான்கிரீட்டில் 100 சதவீதம் வரை இதைச் சேர்க்கலாம். பாலத் தூணுக்கு இது வேண்டாம். நடைபாதைக்கும் தடுப்புச் சுவருக்கும் தாராளமாகப் போதும். ஒரு நகரம் போடும் கான்கிரீட்டில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது ரகம்தான்.

தயக்கத்தை உடைத்த கட்டடங்களும் இருக்கின்றன. 2019 ஜூலையில் திறக்கப்பட்ட உச்சநீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகச் சுவர்களில் மறுசுழற்சிக் கற்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. நொய்டா கோபுரங்களை இடிக்கச் சொன்ன நீதிமன்றம், தன் சொந்தச் சுவருக்கு இடிபாட்டுக் கல்லை ஏற்றுக்கொண்டது. கிழக்கு கித்வாய் நகரில் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, பொதுத் துறை நிறுவனமான என்பிசிசி இடித்த இடத்திலேயே மறுசுழற்சி இயந்திரத்தை நிறுவியது. லாரிக்கே வேலை இல்லை.

ஆனால் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் இவை விதிவிலக்குகள். மத்திய அரசின் கட்டுமானப் பொருள் வளர்ச்சிக் குழுவான பிஎம்டிபிசியின் மதிப்பீட்டின்படி வருடத்துக்கு சுமார் 15 கோடி டன் இடிபாடு சேர்கிறது. அதில் மறுசுழற்சியாவது 1 சதவீதம் மட்டுமே என்று டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020ல் சுட்டிக்காட்டியது. 2017க்குள் 53 நகரங்களில் ஆலைகள் வந்திருக்க வேண்டும். 2020 வரை வந்தது 13 நகரங்களில்.

சட்டம் இல்லாததால் அல்ல. 2016 மார்ச்சில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் 18 மாதங்களில் ஆலை அமைக்க வேண்டும். ஒரே நாளில் 20 டன்னுக்கு மேலோ மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ இடிபாட்டை உருவாக்குபவர்கள் முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் அரசு ஒப்பந்தங்களில் மறுசுழற்சிப் பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற முக்கியமான இடத்தில் விதியின் குரல் தழுதழுத்தது. ‘ஒரு குறிப்பிட்ட சதவீதம், 10 முதல் 20 என்று வைத்துக்கொள்ளலாம்’ என்கிற தொனியில் எழுதப்பட்ட விதியை யார் மதிப்பார்கள்?

சாம்பல் சொல்லும் பாடம்

விதி கண்டிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அனல் மின்நிலையச் சாம்பல் சாட்சி. 1996-97ல் நாட்டின் மின்நிலையங்கள் கக்கிய சாம்பலில் சுமார் 10 சதவீதம்கூடப் பயன்படவில்லை. மிச்சம் குளம்குளமாகத் தேங்கிக் கிடந்தது. 1999ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. மின்நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் மண்ணோடு சாம்பலையும் சேர்த்தே ஆகவேண்டும். அடுத்தடுத்து அந்த வட்டம் விரிந்தது. மின்நிலையங்கள் தலையில் பொறுப்பு ஏறியது. சிமெண்ட் கம்பெனிகள் போட்டி போட்டு வாங்கின. 2021-22ல் பயன்பாடு 95 சதவீதத்தைத் தாண்டியது. இதில் ஒரு பங்கு பள்ளங்களையும் பழைய சுரங்கங்களையும் நிரப்பப் போவது உண்மைதான். ஆனாலும் 25 வருடங்களுக்கு முன்பு சாம்பல் கல் என்றால் முகம் சுளித்த கொத்தனார்கள் இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சாம்பலுக்கும் இடிபாட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாம்பல் சில நூறு புகைபோக்கிகளின் அடியில் சேர்கிறது. இடிபாடோ லட்சக்கணக்கான வாசல்களில் சேர்கிறது. அதை ஓரிடத்தில் சேர்ப்பதற்குத்தான் செலவு. டெல்லி மாநகராட்சி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை இதற்கென ஒதுக்கியிருக்கிறது. ஆனால் ஐந்து கிலோமீட்டர் போய் முறைப்படி கொட்டுவதைவிட அரை கிலோமீட்டரில் உள்ள ஓடை டிராக்டர்காரருக்கு லாபம். மலைக்கு விலை இல்லை, ஓடைக்கும் விலை இல்லை என்கிறவரை மறுசுழற்சிக் கல் விலையில் ஜெயிப்பது கடினம்.

சுண்ணாம்பின் ரகசியம்

இத்தனைக்கும் இடித்ததைக் கொண்டு கட்டுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. டெல்லியிலேயே சாட்சி உண்டு. 1754ல் கட்டி முடிக்கப்பட்ட சப்தர்ஜங் கல்லறை மாளிகைக்குப் பளிங்கும் மணற்கல்லும் வந்தது, நிஜாமுதீனில் உள்ள அப்துல் ரஹீம் கான்-இ-கானானின் கல்லறையிலிருந்து. சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், புதிய நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் மிச்சங்களை, உடைந்த வளையல், பீங்கான், ஓடு, மின்செருகி என்று சைக்கிளில் சேகரித்து, யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு சிற்ப ராஜ்யத்தையே எழுப்பினார். அனுமதியில்லாத அந்தப் பாறைத் தோட்டத்தை இடிக்காமல் 1976ல் மக்களுக்குத் திறந்துவிட்டது நிர்வாகம். 1984ல் அவருக்கு பத்மஸ்ரீ. காலக் கோலம், 2025ல் அதே தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதி, பக்கத்து உயர்நீதிமன்றத்தின் வாகன நெரிசலுக்காக இடிக்கப்பட்டது.

சாமானியர்களும் இதைச் செய்துவந்தார்கள். பழைய வீடு இடிக்கிறார்கள் என்றால், இடிப்பவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். கதவு, ஜன்னல், தேக்கு உத்தரம், இரும்புக் கர்டர், ஓடு, செங்கல் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. அந்த வியாபாரம் இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அதில் செங்கல்லின் பங்கு சுருங்கிக்கொண்டே வருகிறது.

காரணம் சிமெண்ட். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் இணைப்பு விட்டுப்போகும், கல் முழுசாக வரும். தேய்த்துக் கழுவினால் அடுத்த நூறு வருடத்துக்குத் தயார். சிமெண்ட் காரை செங்கல்லைவிட முரட்டுத்தனமானது. தட்டினால் உடைவது கல்தான். அவசரத்துக்குக் கைகொடுத்த சிமெண்ட், செங்கல்லின் மறுபிறவியைத் தடுத்துவிட்டது. எனவே இடிபாட்டை உடைத்து அரைக்கும் ஆலை என்பது உண்மையில் இரண்டாம் தரத் தீர்வு. முழுக் கல்லை முழுக் கல்லாகவே மீட்க முடிந்தால் அரைக்கும் மின்சாரமும் வேண்டாம், புதுச் செங்கல்லைச் சுட விளைநிலத்தின் மேல்மண்ணும் நிலக்கரியும் வேண்டாம்.

இந்த உண்மையை நன்றாக உணர்ந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்ட இந்தக் கட்டடக் கலைஞர் 2007ல் மறைந்தார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறையால் செங்கல் தேவையில் சுமார் 25 சதவீதத்தை மிச்சப்படுத்தினார். வெற்றிடத்தால் வீட்டுக்குள் வெக்கையும் குறைந்தது. கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பதால் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். உடைத்த வீடுகளின் கதவு, ஜன்னல்கள் அவர் கட்டிய வீடுகளில் வாசலாயின. காலிப் பாட்டில்கள் சுவருக்குள் வண்ண விளக்குகளாயின. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் இன்றும் அவர் பேர் சொல்கிறது.

அவர் வடிவமைத்த வளாகம் ஒன்று சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலும் இருக்கிறது. 1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் உள்ள கேரள மர வீடுகள் எங்கிருந்தோ பிரித்துக் கொண்டுவரப்பட்டு மறுபடி பூட்டப்பட்டவை. ஆணிக்குப் பதில் கொளுவும் முளையுமாக இணைத்த வீட்டை அப்படிப் பிரிக்க முடியும். சேர்க்கும்போதே பிரிக்கும் நாளையும் நினைத்துச் செய்த தச்சு அது.

அடுத்த தலைமுறை அந்த நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த வினு டேனியலின் ‘வால்மேக்கர்ஸ்’ குழு மண்ணையும் இடிபாட்டையும் சேர்த்துச் சுவர் எழுப்புகிறது. தமிழ்நாட்டின் சூளகிரியில் அவர்கள் கட்டிய ‘சுழி’ வீட்டில் தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் ஆயிரக்கணக்கில் அடங்கியிருக்கின்றன. நவி மும்பையின் பேலாப்பூரில் எஸ் பிளஸ் பிஎஸ் நிறுவனத்தினர் 2015ல் முடித்த ‘கொலாஜ்’ வீட்டின் முகப்பே இடித்த வீடுகளின் பழைய ஜன்னல்களும் கதவுகளும்தான். மிச்சம் மீதிக் குழாய்த் துண்டுகள் மூங்கில் வரிசைபோலச் சுவராகி நிற்கின்றன. தரையில் பழைய பர்மா தேக்கு. மேல்மாடியில் ஒரு பழைய வீட்டின் தூண்கள்.

இந்த வீடுகள் அழகானவை. ஆனால் இவற்றை வைத்து ஒரு மாநகரத்தின் கணக்கைத் தீர்த்துவிட முடியாது. ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிப் பொருத்த நேரமும் ரசனையும் பணமும் வேண்டும். அடுக்குமாடி கட்டுபவரிடம் இருப்பது வங்கி வட்டியும் கெடு தேதியும். கையால் பிரித்தால் வாரக் கணக்கில் ஆகும் வேலையை ஜேசிபி ஒரு நாளில் முடித்துவிடுகிறது. பிரித்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒரே கலவையாக்கிவிடுகிறது. இடிப்பதற்கு அனுமதி கொடுக்கும்போதே எதை எந்த வரிசையில் பிரிக்க வேண்டும் என்பதையும் நகராட்சி நிபந்தனையாக்கினால் ஒழிய இது மாறாது.

இடிக்காத கட்டடமே லாபம்

மிகச் சிறந்த மறுசுழற்சி இடிக்காமலிருப்பது. ஒரு கட்டடத்தின் செங்கல், சிமெண்ட், கம்பிக்குள் ஏற்கனவே எரித்த நிலக்கரி அத்தனையும் உறைந்திருக்கிறது. இடித்தால் அது வீண். புதிதாகக் கட்டினால் இன்னொரு பங்கு செலவு. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972ல் எழுப்பிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் ஓர் இரவில் மண்ணாயிற்று. வயது 45. பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய குரல் எடுபடவில்லை. அகமதாபாத் ஐஐஎம்மில் லூயி கான் வடிவமைத்த மாணவர் விடுதிகளில் பதினான்கை இடிக்கும் திட்டம் 2020 டிசம்பரில் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு, சில நாட்களில் நிர்வாகத்தைப் பின்வாங்க வைத்தது. ஆனால் 2022ல் நிர்வாகம் மறுபடி புதுக் கட்டடம் என்ற முடிவுக்கே வந்தது. புகழ்பெற்ற கட்டடங்களுக்கே இந்தக் கதி என்றால், மும்பையிலும் டெல்லியிலும் கூடுதல் தளப்பரப்பு அனுமதிக்காகவே இடிபடும் முப்பது, நாற்பது வயது அடுக்குமாடிகளுக்காக யார் வாதாடுவார்கள்?

இந்தச் சங்கிலியில் யாரும் கணக்கில் சேர்க்காத கண்ணி மனிதக் கைகள். இடிந்த தூணிலிருந்து கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பிரித்து நிமிர்த்துபவர்கள், செங்கல்லைச் சுரண்டி அடுக்கும் பெண்கள், பழைய கதவைத் தோளில் சுமந்து கடை சேர்ப்பவர்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் வருவதற்கு முன்பிருந்தே அதை நடத்திவருபவர்கள் இவர்கள். கான்கிரீட் புழுதியில் கலந்துள்ள சிலிக்கா நுரையீரலை மெல்ல மெல்ல இறுக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடையும்போது பறக்கும் இழைகள் அதைவிடக் கொடியவை. முகத்தில் சுற்றிய துப்பட்டாவைத் தவிர அவர்களுக்குக் கவசம் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் ஒரு பங்கு வரியாக வசூலாகிறது. ஆனால் வாரியத்தில் பதிவு செய்தவருக்கே அதன் பலன். இன்று இங்கே, நாளை எங்கோ என்று அலையும் இடிப்புக் கூலிகளில் பலர் பதிவேட்டுக்கு வெளியே. பெரிய ஆலைகள் வந்து கம்பியையும் கல்லையும் இயந்திரமே பிரிக்கத் தொடங்கினால், இருக்கும் பிழைப்பும் போகும். புதிய ஆலைகளில் இவர்களுக்கு முறையான வேலை உண்டா என்ற கேள்விக்கும் திட்ட அறிக்கைகளில் இடம் வேண்டும்.

புதிய விதி, பழைய லாரி

2025 ஏப்ரலில் மத்திய அரசு புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1ஐ அமலாக்கத் தேதியாக அறிவித்தது. இந்த முறை குரல் உறுதியாகவே இருக்கிறது. 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடங்களைக் கட்டுபவர்கள், தாங்கள் உருவாக்கும் இடிபாட்டுக்குத் தாங்களே பொறுப்பு. மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். இலக்கு வருடத்துக்கு வருடம் ஏறும். புதிய கட்டுமானத்தில் மறுசுழற்சிப் பொருளைச் சேர்ப்பதற்கும் படிப்படியான இலக்கு உண்டு. வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு மறைந்திருக்கிறது. சாம்பலுக்குக் கிடைத்த கட்டாயம் இடிபாட்டுக்கும் ஒருவழியாகக் கிடைத்திருக்கிறது.

ஓட்டை இல்லாமல் இல்லை. 20,000 சதுர மீட்டர் என்பது பெரிய அடுக்குமாடி வளாகம். இரவு லாரி சுமப்பதில் பெரும்பங்கு வகிக்கும் இருநூறு சதுர மீட்டர் வீடு இந்தப் பொறுப்பு வளையத்துக்கு வெளியே, பழையபடி நகராட்சியின் தலையில். அங்கே அபராத நோட்டீசைவிட வேறு சில எளிய காரியங்கள் பலன் தரும். கட்டட அனுமதிக் கட்டணத்தோடு இடிபாட்டை அகற்றும் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டால், ஓடையில் கொட்டி மிச்சம்பிடிக்க வீட்டுக்காரருக்குக் காரணம் இருக்காது. ஆலையின் ரசீதைக் காட்டினால்தான் குடிநீர் இணைப்பு என்றால் டிராக்டர்காரர் வழி தெரிந்துகொள்வார். நகராட்சி போடும் ஒவ்வொரு நடைபாதையிலும் மறுசுழற்சிக் கல்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் ஆலையில் சரக்கு தேங்காது. பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது, இன்னொரு ஆலை திறப்பதைவிடப் பெரிய உதவி.

வீட்டுக்காரர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஜேசிபி வரும் முன் கதவு, ஜன்னல், குழாய், ஓடு, கம்பி ஆகியவற்றைக் கழற்றி விற்றால் கையில் காசு. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் பழைய குழல்விளக்கையும் தனியே ஒதுக்கினால் கூலியாள் நெஞ்சுக்கு நல்லது. புதுச் சுவரில் ஒரு பங்காவது சுண்ணாம்பு கலந்த காரை என்றால், பேரன் இடிக்கும்போது அவனுக்கு முழுச் செங்கல் கிடைக்கும். கடைசியாக, மல்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும் டிராக்டர்காரரிடம் எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று ஒரு கேள்வி.

நொய்டாவில் இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடம் வெறுமையாகிவிட்டது. அவற்றின் ஒரு பகுதி எங்கோ ஒரு நடைபாதையில் கல்லாகப் பதிந்து, யாருடைய காலையோ தாங்கிக்கொண்டிருக்கிறது. டெல்லியின் குப்பைக் கணக்கில் அது இரண்டு வாரத்துச் சரக்கு. வருடத்தில் மீதி ஐம்பது வாரச் சரக்கு எங்கே போகிறது என்பதை நகரம் இன்னும் தீர்மானிக்கவில்லை.